சோழர் மாளிகைக்குள் வளைவு வந்தது எப்படி?

சென்ற விடுமுறையில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு ஒகேனக்கல் சென்றிருந்தேன். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக பஸ்ஸில் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மலைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும்போதே அருவியின் இரைச்சல் காதில் விழத் தொடங்கிவிடும். ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை. ‘கல்’ என்பதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பாறையில் மோதிச் சிதறும் காவிரி, நுண்ணிய திவலைகளாகி மேலே எழுகிறது. அத்திவலைகள் ஒளியின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதால் அது வெண்புகைபோல் தோன்றுகிறது.

பரிசலுக்கு நான்கு பேர் வீதம் மிதவைச் சட்டை அணிந்து ஏறினோம். என் பரிசலில் மூன்று மாணவர்கள், ஒருத்தி மாணவி. கரை விட்டதும் ஒருவன் கேட்டான்: “அண்ணே, ‘ரோஜா’ படத்துல வர்ற அருவி இதுதானா?”

“இதேதான் தம்பி” என்றார் பரிசல்காரர். “படத்துல கொஞ்ச நேரந்தான் வரும். அதைப் பார்த்துட்டு இன்னமும் ஆளுங்க வந்து கேக்கறாங்க.”

1992-ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. அப்போது இந்த மாணவர்களின் பெற்றோர்களே சிறு பிள்ளைகள். ஆயினும் கேள்வி நிற்கவில்லை. மாணவி தொடர்ந்தாள்: “பொன்னின்னா காவிரிதானே அண்ணே? அப்போ ‘பொன்னியின் செல்வ’னும் இங்கதான் எடுத்தாங்களா?”

பரிசல்காரர் சிரித்துவிட்டார். “அது இங்க எடுக்கல பாப்பா. ராஜா படம்னா அரண்மனை வேணுமில்ல? நம்ம பக்கம் அரண்மனைக்கு எங்க போறது?”

துடுப்புப் போட்டுக்கொண்டே அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னை விடவில்லை. காவிரிக் கரையில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சோழப் பேரரசு கோலோச்சியது. தருமபுரியோ தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். பக்கத்திலேயே அதியமான்கோட்டை என்று ஓர் ஊரும் இருக்கிறது. ஆனால் அவன் வாழ்ந்த மாளிகை என்று காட்ட ஒரு சுவர்கூட இல்லை. கோயில்கள் நிற்கின்றன, அரண்மனைகள் எங்கே போயின?

காவிரியின் கதை, பேத்வாவின் கரையில்

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினம் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைக்கு வந்தது. கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டில், சோழ நாட்டில். படப்பிடிப்புக் குழுவினர் சென்ற இடங்களுள் சில: மத்தியப் பிரதேசத்திலுள்ள ஓர்ச்சா, குவாலியர், மகேசுவர். ஓர்ச்சா, பேத்வா ஆற்றின் கரையில் புந்தேல மன்னர்கள் அமைத்த தலைநகரம். அங்குள்ள புகழ்பெற்ற ஜஹாங்கீர் மஹால், மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் காலத்தது. அதாவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். மகேசுவர், நர்மதைக் கரையில் அகல்யாபாய் ஹோல்கர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட ஊர். சுந்தர சோழருக்கும் ஜஹாங்கீருக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 1964-இல் ‘கர்ணன்’ எடுத்தவர்களும் ஜெய்ப்பூர் அரண்மனைகளைத் தேடிச் சென்றார்கள். பழைய காலத்தைக் காட்ட விரும்பும் எந்தக் காமிராவுக்கும் ஒரு பெரிய கூடம் வேண்டும். அக்கூடம் சோழ நாட்டில் எஞ்சவில்லை. ஏன் எஞ்சவில்லை என்பதற்கும், ஏன் வடக்கே எஞ்சியது என்பதற்கும் விடை நம் கைப் பையிலேயே இருக்கிறது.

ஒரு சுண்ணக்கட்டியை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்துவிடும். இப்போது உடைந்த துண்டை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள். எளிதில் உடையாது. அழுத்தத்தைச் சுண்ணக்கட்டி தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. வளைக்கும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. விரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

கருங்கல்லும் இத்தகையதே. இரண்டு தூண்களின்மேல் ஒரு கல் உத்தரத்தைக் கிடத்தினால், உத்தரம் தன் எடையாலேயே சற்று வளைய முயலும். அதன் அடிப்பகுதி இழுவிசைக்கு உள்ளாகும். ஆகவே தூண்களை நெருக்கமாக நிறுத்தியே தீரவேண்டும். நம் கோயில் மண்டபங்கள் தூண்களின் காடாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சோழர் காலச் சிற்பிகள் கற்களைப் படிப்படியாக முன்னே நீட்டி அடுக்கி விமானங்களை வானளாவ எழுப்பினார்கள். ஆனால் ஆப்புவடிவக் கற்களைச் சேர்த்து எழுப்பும் உண்மையான வளைவைக் கட்டட மரபாகக் கொள்ளவில்லை.

வளைவில் நடப்பது வேறு. அதன் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்துகிறது. அந்த அழுத்தம் கல்லுக்குக் கல் கைமாறி இரு பக்கச் சுவர்களுக்கும் போய்ச் சேர்கிறது. இழுவிசை ஏறக்குறைய இல்லை. எனவே சிறு சிறு செங்கற்களைக் கொண்டே அகன்ற இடத்தை மூடிவிடலாம். சுல்தான்களின் ஆட்சிக்காலத்தில் இம்முறை நாடெங்கும் பரவியது. காமிராவைச் சுழற்ற இடம் தரும் கூடம், நடுவில் தூண் மறைக்காத கூடம், வளைவு வந்தபிறகே நமக்குக் கிடைத்தது. திரைச் சோழர்கள் வளைவின்கீழ் நடந்து போவதன் பௌதிகம் இதுதான்!

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று மதுரையில் உள்ளது. திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மஹாலின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பெருந்தூண்கள் கருங்கல் போலத் தோன்றினாலும் செங்கல் கட்டி மேலே சுதை பூசியவையே. அவற்றின்மேல் வளைவுகள். 1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்தில் ஒரு பாடல் முழுவதும் இங்கேதான் ஆடிப் பாடி எடுக்கப்பட்டது. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியே. நாயக்கரின் பேரர் சொக்கநாதர் பெரும்பகுதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிச்சத்தை 1866-க்குப் பிறகு சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார்.

மாளிகைமேடு

சோழர் மாளிகையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்டசோழபுரத்திற்குப் போகவேண்டும். பெரிய கோயிலுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் மாளிகைமேடு என்ற இடம் இருக்கிறது. பெயரிலேயே மாளிகை ஒளிந்திருந்தும், 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே அகழாய்வு தொடங்கிய பிறகே அரண்மனையின் அடித்தளம் வெளிப்பட்டது. ஒரு மீட்டருக்கும் சற்று மிகுந்த கனமுள்ள செங்கல் சுவர்கள், மரத்தூண்களை நிறுத்துவதற்கான கருங்கல் தாங்கிகள், குவியல் குவியலாகக் கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள். 2021 முதல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.

ஆக, கடவுளுக்குக் கல். அரசனுக்குச் செங்கல், மரம், ஓடு. மரத்தைக் கறையானும் மழையும் தின்னும். செங்கல்லை அடுத்து வருபவர்கள் தோண்டி எடுத்துப் போவார்கள். கல்லுக்கும் அந்த ஆபத்து இல்லாமல் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் அந்த வேலைக்குப் பயன்பட்டன. சோழன் அடுக்கிய கல் காவிரி நீரைத் தடுக்கப் போய்விட்டது.

மரமும் ஓடும் கொண்ட அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று காண வேறொரு வழி உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லுங்கள். சரிந்த ஓட்டுக்கூரைகள், செதுக்கிய மரத்தூண்கள், கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரை. 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரதாழ்’ என்ற மலையாளப் படத்தின் சில பகுதிகள் இங்கு எடுக்கப்பட்டவை. இது சோழர் காலத்திற்கு மிகப் பிந்தியது, உண்மை. ஆனால் என்னைக் கேட்டால், சோழர் மாளிகை ஓர்ச்சாவின் மஹாலைவிடப் பத்மநாபபுரத்தையே அதிகம் ஒத்திருந்திருக்கும் என்பேன். அந்த மரம் இன்றும் நிற்கக் காரணம் மந்திரமன்று. ஒழுகும் ஓட்டை மாற்ற ஆண்டுதோறும் யாரோ கூரைமேல் ஏறியிருக்கிறார்கள், அவ்வளவே.

படம் பார்த்தவர்கள் வந்தால்

இனிச் சொல்லப்போவது சற்று வருத்தமான செய்தி. படத்தில் கண்ட இடத்தை நேரில் காண விரும்புவது இயல்பே. இங்கிலாந்தில் ஆனிக் கோட்டை ‘ஹாரி பாட்டர்’ படங்களின் முதல் இரண்டில் இடம்பெற்றது. இன்று அங்கே போகும் சிறுவர்கள் துடைப்பத்தின்மேல் ஏறிப் ‘பறக்க’ப் பயிற்சி பெறுகிறார்கள். அதுவரை வேடிக்கைதான். கூட்டம் அளவு மீறும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் ஜெய்சால்மர் என்ற ஊரில் 1156-ஆம் ஆண்டு தொடங்கிய கோட்டை ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனது. மாலை வெயிலில் பொன்போல் மின்னும். சத்யஜித் ராய் 1974-இல் ‘சோனார் கெல்லா’, அதாவது ‘பொற்கோட்டை’ என்ற படத்தை இங்கு எடுத்தார். முற்பிறவி நினைவு வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவனின் கதை. அதன்பின் வங்காளத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இக்கோட்டையைக் காண வந்தன, வெளிநாட்டாரும் வந்தனர். கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீடுகள் விடுதிகளாயின. குழாய்கள் வந்தன, குளியலறைகள் வந்தன.

அங்கே ஆண்டு மழை 20 செ.மீ. அளவுதான். முன்னாளில் தண்ணீரைக் கீழிருந்து தலையில் சுமந்து ஏற்றினார்கள். சுமந்த நீரை யாரும் வீணாக்கமாட்டார்கள். குழாய் நீர் அப்படியன்று. கசிந்த நீரும் கழிவு நீரும் குன்றுக்குள் இறங்கின. குன்றோ ஒரே பாறையன்று. மணற்கல்லுக்கு இடையிடையே களிமண் படலங்கள் கொண்டது. களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும். பின் குழைந்து வழுக்கும். ஈரமான சோப்பின்மேல் செங்கல்லை வைத்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும். 1990-களில் கோட்டையின் கொத்தளங்கள் சில சரிந்து விழுந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இல் இக்கோட்டையை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணூறு ஆண்டுகள் பகைவரையும் புயலையும் தாங்கிய சுவரைச் சாய்த்தது, குளித்துவிட்டு நாம் விட்ட தண்ணீர்! பழி முழுவதையும் ஒரு படத்தின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் வழி திறந்ததில் அதற்கும் பங்குண்டு.

தாய்லாந்தில் நடந்தது இன்னும் தெளிவானது. பீ பீ லே தீவிலுள்ள மாயா விரிகுடாவில் ‘தி பீச்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். படம் பார்த்தவர்கள் படகேறி வந்தார்கள். ஒரே நாளில் ஐயாயிரம் பேர் வரை வந்ததுண்டு. படகுகளின் நங்கூரங்கள் பவளத்தை உடைத்தன. அரசு 2018 ஜூனில் கடற்கரையை மூடிவிட்டது. 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளுடன் திறந்தது. மூடியிருந்த காலத்தில் பவளங்களை நட்டு வளர்த்தார்கள். கருந்துடுப்புச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன.

படப்பிடிப்பும் பழைய கட்டடத்தைத் தொடாமல் போவதில்லை. பழைய டங்ஸ்டன் விளக்குகள் உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை, மீதி வெப்பம். சுவரின் ஒரு பகுதி மட்டும் சூடேறி விரிந்து, விளக்கணைந்ததும் சுருங்கினால் மேற்பூச்சு செங்கல்லைவிட்டு மெல்ல விலகும். இப்போது எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டதால் இத்தொல்லை குறைந்திருக்கிறது. ஆணி அடிப்பதும், புகை போடுவதும், கனமான தண்டவாளத்தைத் தரையில் கிடத்துவதும் குறையவில்லை. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் படமெடுக்க, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1959-இல் வகுத்த விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். அச்சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-இல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் வயதில் பள்ளிச் சுற்றுலாவாக ஒரு பழைய அரண்மனைக்குப் போனேன். ஒரு தூண் மறைவில் நின்று கவைக்கோலின் முனையால் என் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சுதையில் கீறினேன். பெருமையாகக்கூட இருந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அது என்ன பூச்சு என்று தெரிந்தது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துப் பூசியது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் கல்லாக மாறும். அது ஒரு நாளில் நடப்பதன்று. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே உள்ளே ஆண்டுக்கணக்கில் போகும். அந்த மேற்பரப்பை நான் இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தேன். என் எழுத்துகள் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்திற்குப் பூச்சு பெயர்ந்து, அதன்மேல் யாரோ சிமெண்டு அப்பியிருந்தார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. சுற்றிலும் உப்புப் பூத்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

மீண்டும் பரிசலில்

இக்கதையை நான் மாணவர்களிடம் பரிசலில் சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பரிசல்காரர் பேச்சை மாற்றினார். “அரண்மனை இல்லேன்னா என்ன சார், இந்தக் கல்லுக்கு வயசு சொல்லுங்க.”

நல்ல கேள்விதான். ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்னும் அரிய பாறைவகை கிடைக்கிறது. கார்பனேட் கனிமங்கள் நிறைந்த குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து ஏறி இறுகியது. நிலவியல் அறிஞர்கள் கதிரியக்க முறையால் கணித்த அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள். உலகின் மிகப் பழைய கார்பனடைட்டுகளுள் இதுவும் ஒன்று. பரிசல்காரர் அதைக் கேட்டுத் துடுப்பை ஒரு கணம் நிறுத்திவிட்டார். பரிசல் சுழல ஆரம்பித்தது. வட்டமான பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நேராகப் போகவைக்கும் அடிக்கட்டையும் இல்லை. துடுப்பு நின்றால் நீர் சுழற்றும். மாணவர்களுக்குக் கொண்டாட்டம்.

அந்தச் சமயத்தில் ஒரு கணக்கும் போட்டோம். பரிசலின் குறுக்களவு இரண்டு மீட்டர். அடிப்பாகத்தைத் தட்டையான வட்டம் என்று கொண்டால் பரப்பு 3.14 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 31.4 லிட்டர் நீரை விலக்கும், 31.4 கிலோகிராம் எடையைத் தாங்கும். நாங்கள் ஐவரும் பரிசல்காரருமாகச் சுமார் 300 கிலோ. ஆகவே பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக அமிழ்ந்திருக்கவேண்டும். ஒருவன் ஓரமாகக் குனிந்து அளக்க முயன்று பரிசல்காரரிடம் திட்டு வாங்கினான். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் இந்தக் கணக்கு உதவாது!

படமெடுப்பவர்களுக்கும் இந்த ஆறு எளிதில் வசப்படுவதில்லை. நீர் குறைந்தால் அருவி பாறையாகிவிடும். வெள்ளம் வந்தாலோ அருவியே மறைந்துவிடும். மேலும் கீழும் ஒரே நீர்ப்பரப்பாகிப் பாறைகள் மூழ்கிப் போகும். சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. விநாடிக்கு எத்தனை கன அடி என்று அங்கே அளந்து சொல்வதைப் பொறுத்தே இங்கே பரிசலை விடுவதும் நிறுத்துவதும். காவிரித் தீர்ப்பின்படி தமிழ்நாட்டிற்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வரவேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த இடத்தில் அளந்துதான்.

கரை சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. எண்ணெய்க் குளியல் நடக்கும் பாறையருகே ஷாம்பு உறைகள் நீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. மாணவர்கள் இருவர், நான் சொல்லாமலே, கைக்கெட்டியவற்றைப் பொறுக்கினார்கள்.

பஸ்ஸில் அந்த மாணவி என் அருகே வந்து அமர்ந்தாள். இந்த நீர் அடுத்து எங்கே போகிறது என்றாள். மேட்டூர் என்றேன். 1934-இல் கட்டிமுடித்த அந்த அணையில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாகத் தாழும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு மேலே தலை காட்டும் என்று சொன்னேன்.

“அந்தக் கோயில் தூணெல்லாம் கிட்டக் கிட்ட இருக்குமா சார்? இல்ல, வளைவா?”

எனக்குத் தெரியாது. அணை வற்றினால் போய்ப் பார்க்கலாம், வீட்டில் கடிதம் வாங்கி வா என்று சொல்லியிருக்கிறேன்.